தொட விடாத பெட்டி

கோயம்புத்தூர்
4-3-2024

காளீஸ்வரிக்கு,

ரேணுகா எழுதுவது. போனில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்பது சொல்வேன், கடைசியில் நம்மில் ஒருத்தி போனைத் துண்டித்துவிடுவாள். எழுதும்போது குரல் உயராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு உதவி வேண்டும். உன் அண்ணன் பாலிடெக்னிக் ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய வால்வு ஸ்கோப், மின்சாரம் நெளிவதை வட்டக் கண்ணாடியில் கோடாகக் காட்டுமே, அது இன்னும் இடைசெவல் பூர்வீக வீட்டில் பருத்தி போடும் அறையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை ஓடுகிற மாதிரி சரிசெய்து இங்கே அனுப்பிவைக்க வேண்டும். காரணம் கேட்காதே. அவருடைய பொருள், அவர் இருக்கிற வீட்டுக்கு வரட்டும்.

அவர் நலம். கையும் காலும் மெல்ல மெல்ல வருகின்றன.

ரேணுகாதேவி


கோவில்பட்டி
11-3-2024

மதினிக்கு வணக்கம்.

காரணம் கேட்காதே என்று எழுதினால் கேட்கத்தான் தோன்றும். நான் என்ன, தலையாட்டிப் பொம்மையா?

அந்தப் பெட்டி அங்கனதான் இருக்கிறது. எலி குடும்பம் நடத்துகிறது. இத்தனை வருஷமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத உங்களுக்கு இப்போது திடீரென்று ஏன் பாசம்? உங்கள் தம்பி சங்கரபாண்டியன் காப்பிக்கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பழைய ரேடியோ, பழைய தையல் மெஷின், பழைய டைப்ரைட்டர் எல்லாம் சுவரில் ஏறி உட்கார்ந்திருப்பதை அவர் போட்டோ போட்டிருந்தார். என் அண்ணனுடைய ஸ்கோப்பும் அங்கே போய் பூச்சட்டிக்குப் பக்கத்தில் குந்தவேண்டும் என்றால், அதற்கு நான் ஆளில்லை.

இன்னொன்று. பொங்கலுக்குப் பிறகு அண்ணன் குரலை நான் கேட்கவில்லை. வாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து எப்போது போட்டாலும் தூங்குகிறார் என்கிறீர்கள். கும்பகர்ணன்கூட இடையில் எழுந்து சாப்பிட்டிருக்கிறான். அப்புறம் என் போனை எடுப்பதையே விட்டுவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது மதினி. என்னமோ மறைக்கிறீர்கள்.

அண்ணன் தன் வாயால் "காளி, பெட்டியை அனுப்புட்டி" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அன்றைக்கே இறக்கி வேலையை ஆரம்பிக்கிறேன். என் பட்டறையில் பழுது பார்க்க வந்த தீப்பெட்டி ஆபீஸ் மெஷின் போர்டுகள் மலையாகக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கிறேன். ஆனால் அவர் கேட்கவேண்டும்.

காளீஸ்வரி


கோயம்புத்தூர்
18-3-2024

காளீஸ்வரிக்கு,

அவரால் கேட்க முடியாது. அவருக்குப் பேச்சு போய்விட்டது.

அந்த வாதம் வலது கையையும் காலையும் மட்டும் எடுக்கவில்லை. பேச்சையும் எடுத்துக்கொண்டது. நாம் சொல்வது அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. என்னைப் பார்க்கிறார். சுவரையும் அப்படியேதான் பார்க்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று உட்கார்ந்து தேடுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், உன் வீட்டுக்காரர், என் தம்பி, அவர் வேலை பார்க்கிற பம்பு கம்பெனி ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது, "இம்புட்டு நேரம் அங்கன என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீங்க மதினி" என்று கேட்டாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நான் தாமதித்ததால்தான் உன் அண்ணன் படுக்கையில் விழுந்துவிட்டார் என்பது போலக் கேட்டாய். பேச்சும் போய்விட்டது என்று சொன்னால் அதற்கும் என்னையே கேட்பாய் என்று பயந்தேன். அதுதான் பூசணிக்காய்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண், அவர் மனசுக்குப் பிடித்த வேலைச் சாமான் ஏதாவது இருந்தால் கண்முன் கொண்டுவந்து வையுங்கள், சில பேருக்கு அதில் வார்த்தை திறக்கும் என்றாள். பம்பு படங்களைக் காட்டினேன். திரும்பக்கூட இல்லை. போன வாரம் போர்வையின் மேல் இடது விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தார். ஏறி இறங்கி, ஏறி இறங்கி. பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் ஸ்கோப் ஞாபகம் வந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, காளீஸ்வரி. இதில் அவர் திரும்பவில்லை என்றால் நான் எதைக் காட்டுவேன்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் உள்ளது உள்ளபடி வரவேண்டும். அதில் கோடு காட்டுகிற படக்குழாய் இப்போது எங்கேயும் கிடைக்காது, கிடைத்தால் விடமாட்டேன் என்று நீயே ஒருமுறை சொன்னாய். நான் மறக்கவில்லை.

ரேணுகாதேவி


கோவில்பட்டி
9-4-2024

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன். அப்புறம் படக்குழாய் பற்றி எழுதியிருந்த இடத்தை மறுபடி படித்தேன். அழுகை நின்றுவிட்டது. என் அண்ணன் பேச்சில்லாமல் கிடக்கும்போது அவர் பெட்டியிலிருந்து நான் திருடுவேனா? அப்படி நினைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? இதற்குப் பதில் எழுதவேண்டாம். எழுதினால் இன்னும் மோசமாகும்.

பெட்டியைத் திறந்தால் கரிசல் புழுதி ஒரு விதைப்பு போடலாம் போல இருந்தது. எலி கடித்த வயர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். பழைய காகிதக் கண்டென்சர்கள் மெழுகு கசிந்து உபயோகமில்லாமல் கிடந்தன. ஒரு வால்வு உச்சி வெள்ளை பூத்திருந்தது. காற்று புகுந்துவிட்டால் அப்படித்தான். மைக்செட் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி பழைய ஆம்ப்ளிபயரிலிருந்து அதே நம்பர் வால்வைக் கழற்றிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். காசு வேண்டாம் என்றுவிட்டார்.

ரொம்ப வருஷம் தூங்கினதை ஒரே அடியாகக் கரண்ட் கொடுத்து எழுப்பக் கூடாது. வழியில் ஒரு குண்டு பல்பை மாட்டி, அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பெட்டிக்குள் கோளாறு இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். முதல் நாள் பளீரென்றுதான் எரிந்தது. ஒவ்வொரு இடமாகத் தேடிச் சரிசெய்து, போன வெள்ளிக்கிழமை பல்பு மங்கி, வால்வுகள் செக்கச் செவேலென்று சூடேறின. கண்ணாடியில் கோடு வந்தது. பக்கத்துப் பட்டறை செல்வமாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தனியாகப் பார்க்க முடியவில்லை.

துணி சுற்றிய பழைய வயரைக் கழற்றிவிட்டுப் புது வயரும் பெரிய பிளக்கும் போட்டிருக்கிறேன். பருத்தி மெத்தை சுற்றி, லாரி பார்சலில் ஏற்றிவிட்டேன். நானே கொண்டுவந்திருக்கலாம். நீங்கள் வா என்று எழுதவில்லை. அழையா விருந்தாளியாக வர எனக்கு மனசில்லை.

அண்ணன் அதைப் பார்த்ததும் என்ன செய்தார் என்று உடனே எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, மறைக்காமல்.

காளீஸ்வரி


கோயம்புத்தூர்
22-4-2024

காளீஸ்வரிக்கு,

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். கேட்டுக்கொள்.

பெட்டி வந்தது. கூடத்தில் அவர் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்தோம். மெத்தையைப் பிரிக்கும்போதே அவர் கண் விரிந்தது. மூன்று மாதத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்க்கவில்லை. இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். நீ போட்டனுப்பிய பிளக் இந்தக் கூடத்துச் சுவரில் நுழையவே இல்லை. அதைக்கூட யோசித்துச் செய்யவில்லை நீ. கீழே வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அதை வெட்டிவிட்டுச் சின்னதாக வேறு மாட்டவேண்டியிருந்தது.

சுவிட்சைப் போட்டேன். சூடேறி, கோடு வந்தது. அவர் பக்கம் நன்றாகத் திருப்பி வைப்போம் என்று பெட்டியின் மேல் கை வைத்தேன். என் கையை ஓங்கி அடித்தார். அடித்து, தள்ளிவிட்டு, வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினார். முகமெல்லாம் சிவந்து, தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்மேல் கை ஓங்கியதே இல்லை. மறுநாள் மறுபடி போட்டுப் பார்த்தேன். நான் தொட்டதும் அதே அடி, அதே இழுப்பு.

அவர் தன்னுடைய பெட்டியை அறியாதவரா? எனக்குச் சந்தேகம் வந்தது. இங்கே ஒரு ரேடியோக்கடைக்காரரை வரவழைத்துத் திறந்து பார்க்கச் சொன்னேன். கண்டென்சர் ஒன்றின் மேலோட்டை மட்டும் உடைத்து எனக்குக் காட்டினார். வெளியே பழைய ஓடு, உள்ளே புதுச் சரக்கு. பழசு போலக் காட்டுவதற்காக ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றார். படக்குழாய் அதே பழையதுதானா என்று கேட்டேன். அதை எப்படிம்மா இப்போது சொல்வது என்று கையை விரித்தார்.

உன் அண்ணனுக்கு வாய்தான் இல்லை. பொய்யை அடையாளம் கண்டுகொண்டார். அன்றிலிருந்து பயிற்சிக்கும் ஒத்துழைக்கவில்லை. அந்த மேஜையையே முறைத்துக்கொண்டிருக்கிறார். இருந்த ஒரு வழியும் அடைந்துவிட்டது. அவருடைய படக்குழாயை எங்கே வைத்திருக்கிறாய்?

ரேணுகாதேவி


கோவில்பட்டி
25-4-2024

மதினிக்கு,

உங்கள் ரேடியோக்கடைக்காரருக்கு வேலை தெரியும். பண்பு தெரியாது. பழைய கண்டென்சரின் ஓட்டைக் குடைந்து, உள்ளே புதுசை வைத்து மூடுவது ஏமாற்று இல்லை. பழைய பெட்டியை மதிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். திறந்து பார்த்தால் அது பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கவேண்டும். பளபளவென்று சின்னச் சின்னதாகப் புதுசு தெரிந்தால் அண்ணனுக்குப் பிடிக்காது, பொக்கைவாயில் தங்கப்பல் மாதிரி இருக்கு என்பார். அவருக்காக ஒவ்வொரு ஓடாகச் சுரண்டி விரல் தேய்ந்தது எனக்கு. அதற்குப் பெயர் திருட்டா?

படக்குழாய் உங்கள் வீட்டு மேஜையில்தான் இருக்கிறது. குலதெய்வத்து மேல் ஆணை.

இதற்கு மேல் உங்களைத் திட்டுவதற்கென்று ஒரு முழுப் பக்கம் யோசித்து வைத்திருந்தேன். எழுதுவதற்கு முன்னால், எந்த இடத்தில் குத்தலாம் என்று உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். பிளக்கை வெட்டினோம் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

மதினி, வாட்ச்மேன் மாட்டியது இரண்டு பின் பிளக்கா?

நான் போட்டது மூன்று பின். அந்தப் பெரிய பின்தான் எர்த். பெட்டி முழுக்கத் தகரம். உள்ளே ஆளைக் கொல்லுகிற அளவுக்குக் கரண்ட் இருக்கிறது. கொஞ்சம் கசிந்தாலும் அதை எர்த் வழியாகத் தரைக்கு இறக்கிவிட வேண்டும். எர்த்தை வெட்டிவிட்டால் அது தகரத்தில் வந்து காத்திருக்கும். தொடுகிறவர் வழியாகத் தரைக்குப் போகும். பெட்டியைத் தொட்டபோது உங்கள் கை சுர்ரென்றதா? உண்மையைச் சொல்லுங்கள்.

அண்ணன் பெட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பொய் என்றும் சொல்லவில்லை. வாட்ச்மேன் எர்த்தை வெட்டியதைக் கட்டிலிலிருந்தே பார்த்திருப்பார். நீங்கள் கை வைத்தபோதுதான் அடித்திருக்கிறார். பெட்டியை விட்டுவிட்டு வயரைப் போய்ப் பிடுங்கியிருக்கிறார். உங்களைத் தொட விடவில்லை மதினி. அவர் பார்த்தது உங்களை. வாய் இல்லாததால் கையால் சொல்லியிருக்கிறார். நாம் இரண்டு பேரும் படக்குழாய், காப்பிக்கடை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெயப்பிரியாவுக்குப் போட்டு, பெட்டிப் பக்கம் யாரும் போகவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அவள் சொல்லி நீங்கள் நம்புவீர்களா என்று தெரியாது. அதனால் கவரின் மேலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டேன். கோபம் இருந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள், பரவாயில்லை. கவரைப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

காளீஸ்வரி


கோயம்புத்தூர்
9-5-2024

காளி,

ஜெயப்பிரியா வந்து, "உங்க நாத்தனார் அழுதுட்டே பேசுறாங்கக்கா, அந்தப் பெட்டியத் தொடவே வேண்டாம்னு சொல்றாங்க" என்றாள். தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நாடகம் போடுகிறாய் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும். உன் கவரைக் கொண்டுவந்த தபால்காரர் "தொடாதீங்க. தொட்டா செத்துருவீங்க" என்று மேலே எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு, இதை வாங்கலாமாம்மா என்று கேட்டார்.

ஆமாம், சுர்ரென்றது. இரண்டு நாளும். எறும்பு ஊர்வது போல, மணிக்கட்டு வரைக்கும். எனக்குத்தான் நரம்புத் தளர்ச்சி வருகிறது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. படுக்கையில் ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் எனக்கும் உடம்பு சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணமாகி இடைசெவலுக்கு வந்த புதிதில், காலையில் பல்கூடத் தேய்க்காமல் உன் அண்ணன் கொல்லைக்குப் போய், ஒரு குழியில் உப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். யாரிடமும் பேசமாட்டார். உங்கள் வீட்டில் எனக்கு எதிராகச் செய்வினை புதைத்திருக்கிறீர்கள் என்று பயந்து, கடம்பூருக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மந்திரித்த எலுமிச்சம்பழம் கொடுத்தாள். அதையும் அந்தக் குழியிலேயே போட்டேன். மறுநாள் பழத்தை எடுத்துக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். கரிசல் வெயிலில் வெடித்துவிடும், எர்த் கம்பியை மண் விட்டுவிடும், வீட்டில் யாராவது சுவிட்சைத் தொட்டுச் சாவார்கள், அதற்குத்தான் தண்ணீர் என்றார். யார் சாவார்கள் என்று கேட்டேன். "நீதான் ஈரக்கையோட கிரைண்டர் போடுத" என்றார்.

அவரைப் போய் பெட்டிக்காக என்னை அடித்தார் என்று உனக்கு எழுதினேன் பார்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். கூடத்துப் பாயிண்டைக் கழற்றி மூன்று ஓட்டை வைத்தார், பெட்டி வயரிலும் மூன்று பின் பிளக்கை மறுபடி மாட்டினார். எர்த் கம்பி சுவருக்குள் இருக்கிறதா, பேருக்கு ஓட்டையா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன். உன் அண்ணன் கட்டிலிலிருந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கம்பியை முடுக்கும் வரைக்கும் கண் எடுக்கவில்லை. அந்தப் பார்வையும் சுவரைப் பார்க்கிற பார்வையும் வேறு, காளி. இனிமேல் எனக்கு அதில் சந்தேகமில்லை.

சுவிட்சைப் போட்டுவிட்டு நான் தள்ளி நின்றேன். அவர் இடது கையை நீட்டினார். உள்ளங்கையால் தொடவில்லை. புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தட்டினார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நான் கிட்டே போனேன். என் கையைப் பிடித்து, அடித்த அதே இடத்தில் விரலால் தடவிவிட்டு, பெட்டியின் மேல் கொண்டுபோய் வைத்தார். தகரம் வெதுவெதுப்பாக இருந்தது. சுர்ரென்று இழுக்கவில்லை. எலக்ட்ரீஷியன் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

அதற்கப்புறம் நடந்ததை நீ நம்பமாட்டாய். ஜெயப்பிரியாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். வாய் கோணிக் கோணி, நெற்றி நரம்பெல்லாம் புடைத்து, "கோடு" என்றார். இன்னும் ரொம்ப நேரம் கழித்து, "மொத்தம்" என்றார்.

கோடு மெலிசாக இல்லாமல் மொத்தமாக இருக்கிறதாம். வாதம் வந்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். என் பெயரில்லை, உன் பெயருமில்லை, சாமி பெயருமில்லை. உன் வேலையில் குறை.

ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டாயே ஒரு கேள்வி. அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வந்து மறுபடி கேள். சொல்கிறேன். அவரும் கேட்கட்டும்.

வா.

ரேணுகா


கோவில்பட்டி
13-5-2024

மதினிக்கு,

அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கப் போவதில்லை. கேட்டவள் நாக்கில் சூடு போடவேண்டும். உங்களை அந்தப் பெட்டியைத் தொடக்கூட விடாதவருக்குத் தெரியும் நீங்கள் யார் என்று. எனக்குத் தெரிவதற்குத்தான் இத்தனை கடிதம் ஆகியிருக்கிறது.

ஆனால் கோடு மொத்தமாக இருக்கிறது என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இங்கிருந்து போகும்போது தலைமுடி கணக்காக இருந்தது. செல்வமாரியைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று லாரிக்காரன் உருட்டியிருக்க வேண்டும், இல்லை உங்கள் ரேடியோக்கடைக்காரர் எதையாவது திருகியிருக்க வேண்டும், இல்லையென்றால் என் அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடியை மாற்றவேண்டும். இதை நான் சும்மா விடுவதாக இல்லை. நீங்கள் எழுதினீர்கள் என்பதற்காக நம்பவும் முடியாது. என் வேலையில் குறை இருந்தால் அதை அவர் வாயாலேயே என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

இன்றைக்குத் தபாலில் போட்டுவிட்டு, நாளை ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறேன். கடிதம் முந்துகிறதோ நான் முந்துகிறேனோ தெரியாது. நான் முந்தினால் கதவைத் திறந்து வையுங்கள். அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் என்னைக் குறை சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

காளி